ஜனவரி 26: ராமநாதபுரம் கடற்கரையும் ஒரு தேதியின் வரலாறும்

ராமநாதபுரம் கடற்கரையில் ஜனவரி 26-க்குக் குடியரசைவிட வயது அதிகம். 1897-ஆம் ஆண்டு அந்தத் தேதியில், ஒரு செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார். சரியாக 33 ஆண்டு கழித்து, 1930-இல், அதே தேதியைக் காங்கிரஸ் முழு விடுதலை நாளாகக் கொண்டாடியது. 1950-இல் அதே தேதியில் இந்தியா குடியரசானது. 1965-இல் அதே தேதியைத் தமிழ்நாட்டில் துக்க நாள் என்று ஒரு கட்சி அறிவித்தது. 2001-இல் அதே தேதியின் காலையில் குஜராத்தின் கட்ச் மாவட்டம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது.

இவை ஐந்தும் நாட்காட்டியில் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் வந்த வழி ஒன்றல்ல. 1897-க்கும் 1930-க்கும் எந்த உறவும் இல்லை. 1930-க்கும் 1950-க்கும் உள்ள உறவு மனிதர்கள் திட்டமிட்டு உண்டாக்கியது. 1965 என்பது 1950-இல் எழுதப்பட்ட ஒரு சட்ட விதியின் காலக்கெடு. 2001-இல் பூமி எந்த நாட்காட்டியையும் பார்த்து அசையவில்லை. ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் இவற்றை வரிசையாக அடுக்கும்போது மறைந்துபோவது இந்த வேறுபாடுதான்.

முதலில் பாம்பன். விவேகானந்தர் 1893 மே 31 அன்று பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர். ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக்குப் பின் ஐரோப்பா வழியாகத் திரும்பி, 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் இறங்கினார். கண்டி, அனுராதபுரம், வவுனியா வழியாகத் தரைமார்க்கமாக யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்து சிறிய நீராவிக் கப்பலில் கடலைக் கடந்து பாம்பன் வந்தார். இந்தப் பாதை இன்றைய வாசகருக்குச் சுற்றுவழியாகத் தோன்றலாம். அன்று பாம்பனில் ரயில் பாலம் இல்லை. மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான ரயில் பாதை வந்ததே 1902-இல். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இலங்கைக்கும் ராமநாதபுரம் கரைக்கும் இடையிலான போக்குவரத்து முழுக்கக் கப்பலையும் தோணியையும் நம்பியே நடந்தது.

பாம்பனில் அவரை வரவேற்கக் காத்திருந்தவர் பாஸ்கர சேதுபதி. 1889 முதல் 1903 வரை ராமநாதபுரத்தின் சேதுபதியாக இருந்தவர். விவேகானந்தர் துறவியாக நாடு சுற்றிய நாட்களில் மதுரையில் அவரைச் சந்தித்து, சிகாகோவில் நடக்கவிருந்த சமயப் பேரவைக்குப் போகும்படி ஊக்கியவர்களில் இவரும் ஒருவர். எனவே 1897-இன் வரவேற்பு ஒரு ஜமீன்தார் பிரபலமான விருந்தினருக்குக் காட்டிய உபசாரம் மட்டுமல்ல; தாம் அனுப்பிய ஒருவர் வென்று திரும்பியதைக் கொண்டாடிய விழா. சேதுபதியின் படகில் ஏற்றப்பட்டு விவேகானந்தர் கரைசேர்ந்தார். பாம்பன் மக்கள் வரவேற்புரை வாசித்தார்கள். அவர் அமர்ந்திருந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்தார்கள். சேதுபதியும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். இறங்கிய இடத்தில் 40 அடி உயரத்தில் நினைவுத் தூண் ஒன்றை எழுப்பச் செய்தார் சேதுபதி. இன்று அந்த இடமாகக் கொள்ளப்படுவது பாம்பன் தீவின் தென்கரையில், குருசடைத் தீவுக்கு எதிரே இருக்கும் குந்துகால். அங்கே நினைவு மண்டபம் ஒன்று உள்ளது.

மறுநாள் ஜனவரி 27 அன்று ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் ஆற்றிய உரை, உண்மையான வழிபாடு எது என்பதைப் பற்றியது. ஏழையிலும் நோயாளியிலும் சிவனைக் காண்பவனே சிவனை வழிபடுகிறான் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் பேசியது தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. பிறகு ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் வழியாகப் பிப்ரவரி தொடக்கத்தில் சென்னை சேர்ந்தார். வழிநெடுக அவர் பேசியவை இன்றும் கிடைக்கின்றன என்றால் அதற்குக் காரணம் உடன்வந்த ஜே. ஜே. குட்வின் என்ற ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளர். தேதியோடு ஒரு நிகழ்வு நிலைத்து நிற்க, அதைத் தேதியோடு எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். பாம்பன் கால்வாயில் அதே ஜனவரி மாதத்தில் கரையேறிய எத்தனையோ வணிகர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் தோட்டக்கூலிகளுக்கும் அப்படி ஒரு குட்வின் இல்லை.

1897-இல் இந்தக் கரையில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு அது ‘ஜனவரி 26’ஆக இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது துன்முகி வருடம், தை மாதத்தின் நடுப்பகுதி. கணக்கிட்டால் தை 15-ஐ ஒட்டி வருகிறது. இன்றோ ஜனவரி 26 என்பது தை 12 அல்லது 13. இந்த நகர்வுக்குக் காரணம் இரண்டு. சூரியன் நட்சத்திர மண்டலத்தைச் சுற்றிவரும் காலத்தை வைத்துக் கணக்கிடும் தமிழ் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம். அது ஏறத்தாழ 60, 70 ஆண்டுக்கு ஒரு நாளாகத் திரளும். அத்தோடு ஆங்கில நாட்காட்டியில் 1900-க்கு லீப் நாள் இல்லாததால் ஒட்டுமொத்தமாக ஒரு நாள் தள்ளிப்போனது. விவேகானந்தரின் பிறப்பே இதற்கு நல்ல சான்று. அவர் பிறந்தது மகர சங்கராந்தியன்று. ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இன்று பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. இரண்டில் எதை அவருடைய பிறந்தநாளாகக் கொள்வது என்பது நாட்காட்டியைப் பொறுத்த விஷயம்.

பாக் விரிகுடாவை ஒட்டித் தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி போகும் வழியில் இருக்கும் திருப்பாலைக்குடி போன்ற ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் ஒரு மடங்கு கூடும். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் கரை இது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை மட்டுமே பின்பற்றுவதால் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிடும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஆங்கில மாதங்களில் வருவது இதனால்தான். அது துல்கஅதா மாதத்துக்கு உரியது. இங்கே ஒரு விசித்திரம் நேர்கிறது. 1897-க்கும் 1930-க்கும் இடைவெளி சரியாக 33 ஆண்டு. ஆகவே அந்த இரண்டு ஜனவரி 26-உம் ஹிஜ்ரியிலும் ஒரே மாதத்தில், ரமலானுக்கு முந்தைய ஷஅபானின் கடைசிப் பகுதியில், விழுகின்றன. 1950-இல் அந்தப் பொருத்தம் இல்லை. அது ரபீஉல் ஆகிர். 1965-இல் அதே தேதி ரமலான் நோன்பின் நடுவே வந்தது.

மீன்பிடிக்கும் கரைக்கு இவை போதாதென்று காற்றின் கணக்கும் உண்டு. தையில் வாடைக்காற்று அடங்காத வரை பாக் விரிகுடாப் பக்கம் அலை கூடும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் சாந்தமாக இருக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். பொதுவில் பார்த்தால் வடபக்கக் கடலே சாது. ராமேசுவரம் வட்டாரத்தில் அதைப் பெண்கடல் என்றும், தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். பிற்காலத்தில் கிழமையும் சேர்ந்துகொண்டது: விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நான்கு நாள் என்ற ஏற்பாடு பாக் விரிகுடாவில் வந்தபின், தொழிலைத் தீர்மானிப்பதில் தேதியைவிடக் கிழமைக்கே மதிப்பு அதிகம்.

1930-க்கு வந்தால், அங்கேயும் முடிவு செய்தது கிழமைதான். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே இலக்கு என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே கட்சி டொமினியன் அந்தஸ்துக்கு இறங்கிவந்து அரசுக்கு ஓராண்டு கெடு வைத்தது. கெடு முடிந்த 1929 டிசம்பர் 31 நள்ளிரவில், ஜவஹர்லால் நேரு தலைமையில் லாகூரில் ராவி ஆற்றங்கரையில் கூடிய மாநாடு, முழு விடுதலையை இலக்காக அறிவித்தது. அதை நாடு முழுக்க மக்கள் உறுதிமொழியாக ஏற்பதற்கு ஒரு நாள் தேவைப்பட்டது. ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்கள் கூடுவதற்கு விடுமுறை நாளே வசதி. அந்த ஞாயிறு 26-ஆம் தேதியில் விழுந்தது. பின்னாளில் இந்தியாவின் மிகப் பெரிய அரசு விழாவுக்கு உரியதான தேதி, பிறப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதைத் தவிர வேறு சிறப்பு எதுவும் இல்லாதது.

அன்று ஊர் ஊராக வாசிக்கப்பட்ட உறுதிமொழி, அந்நிய ஆட்சி நாட்டைப் பொருளாதாரம், அரசியல், பண்பாடு, ஆன்மிகம் என்று நான்கு வகையில் அழித்துவிட்டதாகக் குற்றம் சாட்டியது. அதில் கடற்கரைக்காரர்களுக்கு நேரடியாகப் பட்ட பகுதி வரிக்கணக்கு. இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு ஏழு பைசா என்றும், அவன் கட்டும் வரியில் 20 சதவீதம் விவசாயிகளிடமிருந்து நிலவரியாகவும், 3 சதவீதம் உப்பு வரியாகவும் வசூலாகிறது என்றும், உப்பு வரி ஏழைகளைத்தான் அதிகம் அழுத்துகிறது என்றும் அது சொன்னது. மூன்று சதவீதம் பார்வைக்குச் சிறியது. ஆனால் திருப்பாலைக்குடி, உப்பூர் வட்டாரம் போன்ற உப்பள நிலங்களில் வெயிலே உப்பை விளைவித்துவிடும். கோடையில் கடல்நீர் வற்றிய களர் நிலத்தில் தானாகப் படியும் உப்பை அள்ளுவதுகூடக் குற்றமாக இருந்த காலம் அது. வீட்டு வாசலில் கிடக்கும் பொருளுக்கு வரி கட்டுவது எப்படிப்பட்டது என்று இந்தக் கரைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி உறுதிமொழியில் ஒரு வரியாக இருந்த உப்பு, இரண்டு மாதத்தில் போராட்டமாகவே ஆனது. மார்ச் 12 அன்று காந்தி தண்டி நோக்கி நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர் படையுடன் புறப்பட்டு, ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார். வேதாரண்யமும் திருப்பாலைக்குடியும் ஒரே பாக் விரிகுடாவை ஒட்டிய வளைந்த கரையின் வடக்கிலும் தெற்கிலுமாக இருக்கும் ஊர்கள்.

அதன்பின் 1947 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26-ஐயே காங்கிரஸ் சுதந்திர தினமாகக் கொண்டாடியது. எனவே அந்தத் தேதியில் நிகழ்வுகள் குவியத் தொடங்கின. 1931-இல் அதே தேதியில் காந்தி எரவாடா சிறையிலிருந்து விடுதலையானார். 1932-இல் அதே தேதியில் விடியும் முன்பே, பாஷ்யம் என்ற ஆர்யா சென்னைக் கோட்டையின் உயர்ந்த கொடிமரத்தில் ஏறி, பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டு மூவர்ணக் கொடியைக் கட்டினார். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஆர்யா அந்த நாளுக்காகக் காத்திருந்து ஏறியவர். 1941-இல் கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் காணாமல்போன செய்தி வெளிப்பட்டதும் ஜனவரி 26-தான். ஆனால் அவர் உண்மையில் வீட்டைவிட்டு வெளியேறியது அதற்குப் பத்து நாள் முன்பு, 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின். நடந்த நாள் ஒன்று, தெரிந்த நாள் இன்னொன்று. பட்டியல்களில் இரண்டும் கலந்துவிடும்.

1947-இல் விடுதலை வந்தபோது அதற்குக் குறிக்கப்பட்ட நாள் ஆகஸ்ட் 15. அதைத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த தேதி அது. பதினேழு ஆண்டு சுதந்திர தினமாக இருந்த ஜனவரி 26 இதனால் அநாதையாகிவிட்டது. அரசியல் நிர்ணய சபை அரசமைப்புச் சட்டத்தை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டது. குடியுரிமை, தேர்தல் தொடர்பான சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. மற்றவை இரண்டு மாதம் காத்திருந்தன. காத்திருந்ததன் நோக்கம், 1930-இன் தேதிக்கு மறுவாழ்வு தருவது. 1950 ஜனவரி 26, வியாழக்கிழமை காலை, டெல்லியில் கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி குடியரசு அறிவிப்பை வாசித்தார். ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். இருபது ஆண்டுக்கு முன் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை போனவர் கையால் பிரிட்டிஷ் காலத்துப் பதவி ஒன்று முடிவுக்கு வந்தது. அன்று டெல்லி விழாவுக்கு வந்திருந்த சிறப்பு விருந்தினர் இந்தோனேசியாவின் சுகர்ணோ.

இந்தியாவின் அரசு முத்திரையாகச் சாரநாத் சிங்கத்தூண் ஏற்கப்பட்டதும் அதே நாளில்தான். அதன் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று பொருள்படும் உபநிடதத் தொடர் பொறிக்கப்பட்டது. பாம்பனில் பாஸ்கர சேதுபதி எழுப்பிய தூணின் கல்வெட்டும் இதே தொடரில்தான் தொடங்கியது. ஒரே தேதி, ஒரே தொடர், நடுவே 53 ஆண்டு. இவற்றை ஒன்றோடொன்று முடிந்து ஒரு புராணமாக ஆக்கிவிடலாம்தான். ஆனால் அந்தத் தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தேசிய இயக்கத்தவரும் சமயச் சீர்திருத்தக்காரர்களும் எடுத்தாண்டு வந்தது. 1950-இல் அதைத் தேர்ந்தவர்கள் பாம்பன் தூணை நினைத்துத் தேர்ந்ததற்குச் சான்று கிடையாது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடுவதே நேர்மை.

உள்ளூர் நிலையில் பார்த்தால், ஆட்சி கைமாறியதை ராமநாதபுரம் உணர்ந்தது 1950-க்குச் சற்று முன்பே. 1948-இல் இயற்றப்பட்ட சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி 1949-இல் சேதுபதிகளின் ஜமீன் அரசு வசமானது. கண்மாய்ப் பாசனக் குடிகள் ஜமீன் கச்சேரியில் செலுத்திவந்த தீர்வையை அரசிடம் செலுத்தலானார்கள். குடியரசின் முதல் பொதுத்தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் பாஸ்கர சேதுபதியின் பேரன் சண்முக ராஜேசுவர சேதுபதி. ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்தார். 1897-இல் வண்டியை இழுத்தவரின் பேரன், வாக்குக் கேட்டு வர வேண்டிய காலம் வந்துவிட்டது.

1965-இன் ஜனவரி 26-க்கு விதை 1950-இன் ஜனவரி 26-இலேயே இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்திலான இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றும், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றும் கூறியது. 1950-உடன் பதினைந்தைக் கூட்டினால் கிடைப்பது 1965, நாளும் அதேதான். யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்காமலே குடியரசு தினமும் இந்தியின் ஆட்சிமொழித் தொடக்கமும் ஒரே தேதியில் வந்து நின்றன. 1963-இன் ஆட்சிமொழிகள் சட்டம் ஆங்கிலத்துக்கு அளித்த இடம் உறுதியானதல்ல என்று தமிழ்நாட்டில் அச்சம் பரவியது. அண்ணாதுரை தலைமையிலான தி.மு.க. அந்த நாளைத் துக்க நாளாக அறிவித்தது. முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு அதைக் குடியரசு தினத்துக்கு இழைக்கும் அவமதிப்பாகக் கருதியது. தலைவர்கள் முன்கூட்டியே கைதானார்கள். மாணவர்கள் ஒரு நாள் முந்திக்கொண்டு ஜனவரி 25-இலேயே தெருவுக்கு வந்தார்கள். மதுரையில் ஊர்வலத்தின்போது காங்கிரஸ்காரர்களுடன் ஏற்பட்ட மோதல் கலவரமாகி மாநிலமெங்கும் பரவியது. 26-ஆம் தேதி கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தீக்குளித்து இறந்தார்கள். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள்; பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதி அளித்தார். 1967-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

இங்கும் ராஜாஜி வருகிறார். 1937-இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், 1950-இல் குடியரசு அறிவிப்பை வாசித்தவர், 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த அணியில் நின்றார்.

ராமேசுவரம் கரைக்கு 1965-இன் ஜனவரி வேறொரு துக்கத்தின் மாதம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியிருந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புச் சட்டங்கள் பெயர்ந்து கடலில் விழுந்திருந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. பிறகு பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு ரயில் மறுபடி போகவே இல்லை. மாநிலம் முழுதும் மொழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் குடியரசு தினத்தில், தீவில் பேச்சு காணாமல்போனவர்களைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

கொண்டாட்டமும் துக்கமும் ஒரே தேதியில் மோதுவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஜனவரி 26-க்கே இதற்கு முன்னோடி உண்டு. 1788-இல் இதே தேதியில் ஆர்தர் பிலிப் தலைமையிலான பிரிட்டிஷ் கப்பற்படை சிட்னித் துறையில் கொடி நாட்டியது. ஆஸ்திரேலியாவின் தேசிய நாள் அதுவே. அதன் 150-ஆவது ஆண்டு விழா 1938-இல் கோலாகலமாக நடந்தபோது, அந்நாட்டுப் பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். 1965-இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட முடிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் காரணம் ஒரே இயல்பினது: அரசு ஒரு நாளைத் தன் நாளாக்கிவிட்டால், அந்த அரசோடு வழக்குள்ளவர்களுக்கும் அதே நாள்தான் தகுந்த மேடையாகிறது.

2001-இன் நிலநடுக்கம் இந்த வரிசையில் சேராதது. குடியரசு தின அணிவகுப்புகள் தொடங்கிய காலை நேரத்தில், 8.46 மணிக்கு, பூஜ் நகருக்கு அருகே மையம் கொண்ட நடுக்கம் ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்றது. கொடியேற்ற ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளும் அதில் மாண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தமிழகக் கரையைத் தாக்கியபின், 26 என்ற எண்ணே ஆகாது என்றொரு பேச்சு கிளம்பியது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பின் அது இன்னும் வலுத்தது. 26-ஐ மட்டும் தேடினால் 26 கிடைக்கத்தான் செய்யும். அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டதும் ஒரு 26-இல்தான், ராமநாதபுரம் ஜமீனை ஒழித்த சட்டத்தின் எண்ணும் 1948-இன் 26-தான். இந்தக் கடற்கரை கண்ட மிகப் பெரிய அழிவான தனுஷ்கோடிப் புயலோ டிசம்பர் 22-இல் வந்தது; எண் பார்ப்பவர்கள் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

ஒரே நாளில் இத்தனை நிகழ்வுகளா என்ற வியப்பையும் கணக்கு சற்றுத் தணிக்கும். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்காவது பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 366 கட்டங்களில் உலக வரலாற்றின் ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைப் போட்டால் எந்தக் கட்டமும் காலியாக இருக்காது. ஒரு தேதியில் நிகழ்வுகள் கூடுவதில் அதிசயமில்லை. அவற்றில் எது நினைக்கப்படுகிறது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு சான்று செப்டம்பர் 11. 1893-இல் அந்தத் தேதியில்தான் பாஸ்கர சேதுபதி ஊக்கிய துறவி சிகாகோவில் முதல் உரையாற்றினார். 1921-இல் அன்று நள்ளிரவைக் கடந்து பாரதியார் மறைந்தார். கணக்குப்படி அது 12-ஆம் தேதி, ஆனாலும் 11-ஆம் தேதியே நினைவுநாளாக அனுசரிக்கப்படுகிறது. 1904-இல் அவர் சில மாதம் தமிழாசிரியராக இருந்தது மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில். 1957-இல் அதே தேதியில் தலித் உரிமைத் தலைவர் இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவிடத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று மக்கள் திரள்கிறார்கள். 2011-இல் அப்படித் திரண்ட நாளில்தான் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1893-உம் 1957-உம் ஒரே தேதியில் வந்தது தற்செயல். 1957-உம் 2011-உம் அப்படியல்ல. பின்னது முன்னதன் நினைவுநாள் என்பதாலேயே அந்தத் தேதியில் நடந்தது. 1932-இல் கோட்டையில் ஏறிய கொடியும் 1965-இன் துக்க நாளும் இதே வகை. நினைவுநாள் கடந்ததைக் குறிப்பதோடு நிற்பதில்லை. ஆட்களை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட்டிப் புதிய நிகழ்வையும் உண்டாக்குகிறது.

இன்று இந்தக் கடற்கரையில் ஜனவரி 26 பெரும்பாலும் அரசு நாள். மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் கொடியேற்றுகிறார். தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளையும் போலத் திருப்பாலைக்குடிப் பக்கத்து ஊராட்சிகளிலும் அன்று கிராம சபை கூட வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலியவற்றோடு அதற்கென விதிக்கப்பட்ட நாட்களில் இது முதலாவது. வரவு செலவு வாசிப்பதும், குடிநீர், சாலை, தெருவிளக்கு பற்றிய கேள்விகளும், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்தும் அதன் நடைமுறை. மொழிப்போரில் இறந்தவர்களுக்கான வீரவணக்கம் அதற்கு முதல்நாளான ஜனவரி 25-க்கு ஒதுங்கிக்கொண்டது. பாம்பனில் விவேகானந்தர் இறங்கிய நாளைக் குந்துகாலில் அன்பர்கள் தனியாக நினைவுகூர்கிறார்கள்.